மலை ரோட்டின் மேல் பழி போட்ட மூன்று மாதம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்குப் போகிற வழியில், புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஸ் வளைவு வரும். 2025 ஜூனில் அந்த வளைவில்தான் என் ஏழு வயது மகள் முதல் தடவை வாந்தி எடுத்தாள். மலை ரோடு, சின்னப் பிள்ளை, காலையில் தின்ற பரோட்டா என்று காரணம் கையிலேயே இருந்தது. ஆரியங்காவில் மாமியார் வீடு. அவர் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பறித்து, "இத மோந்துகிட்டே வரணும்மா" என்று பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறும் வாந்தி, அதற்கடுத்த ஞாயிறும் வாந்தி. எனக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். என் மனைவி ஏற்றம் முடிவதற்குள் தூங்கிவிடுவாள். இவளுக்குக் காரில் ஏறினாலே தூக்கம் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. வண்டிப் புகையில் இருக்கிற, வாசமே இல்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு காருக்குள் ஏறிக்கொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 2009 மாடல் பெட்ரோல் கார், பின்பக்கம் கதவு மாதிரி மேலே தூக்கித் திறக்கிற டிக்கி. பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்சி புதுப்பித்து ஓட்டுகிறேன், எஞ்சின் இன்றைக்கும் கல்லு மாதிரி. மச்சினனுக்குத் தென்மலையில் காய்கறிக் கடை இருக்கிறது, அதனால் மாமியார் வீட்டுக்குப் போகிற ஞாயிறுகளில் பாவூர்சத்திரம் சந்தையில் எடுத்த காய் நாலு மூட்டையாவது டிக்கியில் இருக்கும். சாரல் காலம் வேறு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அந்தப் பாதையில் கண்ணாடியை இறக்கினால் மடியெல்லாம் ஈரம். எனவே நான்கு கண்ணாடியும் ஏற்றி, ஏசி போட்டு, வெளிக்காற்று வராமல் உள்காற்றையே சுற்றவிடுகிற பட்டனை அழுத்தி வைத்திருப்பேன். எங்களை மாட்டிவிட்டது பாதி இந்தப் பட்டன்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூலையில் உள்ளே ஒரு கருகல் வாசம் வர ஆரம்பித்தது. ஆரியங்காவு செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது கூடுதலாக வரும் என்பதால் லாரிப் புகை என்று நினைத்தேன். ஒருநாள் முன்னால் லாரியே இல்லாமல் வாசம் வந்ததும் செங்கோட்டையில் வழக்கமாக விடுகிற பட்டறைக்குப் போனேன். டேப்பட் கவர், அதாவது எஞ்சின் மேல்மூடியின் பேக்கிங் காய்ந்துபோய், எண்ணெய் சொட்டுச் சொட்டாக மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வாங்குகிற சூடான குழாய்) மேல் விழுந்து கருகுகிறது என்றார் மெக்கானிக். விரலால் தொட்டுக் காட்டினார், உண்மைதான். பேக்கிங் மாற்றி, எஞ்சினைத் துடைத்துக் கொடுத்தார். வாசம் போய்விட்டது. அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், நான் கேட்டது வாசத்தைப் பற்றி, அவர் வாசத்தைச் சரிசெய்தார்.

வண்டி பட்டறையில் இருந்த அந்த ஞாயிறு மட்டும் பஸ்ஸில் போனோம். பிள்ளை ஜன்னலோர இடத்துக்கு அடம்பிடித்து, வழி முழுக்க நேந்திரங்காய் சிப்ஸ் தின்று, வளைவில் பஸ் சாய்ந்தபோதெல்லாம் ஓவென்று கத்திக்கொண்டே வந்தாள். வாந்தி இல்லை. அடுத்த வாரம் வாசமே இல்லாத காரில் போனோம், எஸ் வளைவு வருவதற்குள் பை கேட்டாள். அன்று இரவு மனைவிதான் கேட்டாள், "ஏங்க, பஸ்ஸும் அதே வளைவுலதான போச்சு?" எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் காற்றோட்டம் அதிகம் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். காற்றோட்டம் என்று சொன்ன வாய்க்கு, அதுதான் விடை என்று தெரியவில்லை.

ஓணத்துக்குச் சந்தைக்குப் போன கதைதான் மோசம். ஆகஸ்ட் கடைசி, மச்சினனுக்கு வாழைத்தாரும் சேனையும் வெள்ளைப் பூசணியும் வேண்டும். தார் நீளம், டிக்கி மூடவில்லை. ஒரு முழம் திறந்தபடியே கயிறு போட்டுக் கட்டி, மழை நனைக்காமல் ஒரு படுதாவைச் சுற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். நல்லவேளை, தனியாக. கோட்டைவாசல் தாண்டும்போதே தலைவலி. கழுதுருட்டியில் பதிமூன்று கண் ரயில் பாலம் தெரிகிற இடத்தில் எப்போதும் வண்டியை நிறுத்தி ஒரு கட்டன் சாயா குடிப்பேன். அன்று அந்தப் பாலத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினால் கால் பிடிக்கவில்லை. மச்சினன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அத்தான், காலையிலேயே ஊத்திட்டீங்களா?" என்றான். வாழ்க்கையில் தொட்டதில்லை, அவனுக்கும் தெரியும்.

வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் இருந்தது. மாட்டினேன், 98 காட்டியது. அப்போ ஒன்றுமில்லை என்று படுத்துவிட்டேன். மறுநாள் குடும்ப டாக்டரிடம் தலைவலிக்கென்று போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "காருக்குள்ள இருக்கும்போது மட்டுமா?" என்பது. ஆக்சிமீட்டர் கதையைச் சொன்னேன், தலையை ஆட்டினார். அந்தக் கருவி விரல் வழியாக ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கிறது, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் ஆள் மயங்கிக் கிடந்தாலும் 98 காட்டும் என்றார். சந்தேகம் இருந்தால் அதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை, அதுவும் உடனே எடுக்கவேண்டும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வாயு அது. நல்ல காற்றில் இருந்தாலும் பாதி வெளியேற நான்கைந்து மணி நேரமாகும், ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். சின்னப் பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குத்தான் முதலில் தாக்கும். என் பிள்ளையின் வாந்தி அப்போதுதான் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

முந்தைய டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இரண்டு பேர் செத்துக் கிடந்ததை நானும் படித்திருந்தேன். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியதுதான் காரணம் என்று சோதனை செய்து சொன்னார்கள். படித்தேன், பாவம் என்றேன், மறந்தேன். ஓடுகிற என் காருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

டாக்டரைப் பார்த்த அன்றைக்கே ஆன்லைனில் கார்பன் மோனாக்சைடை அளக்கிற, கையில் பிடிக்கிற மீட்டர் ஒன்று வாங்கினேன், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று: சுவரில் மாட்டுகிற வீட்டு அலாரம் இதற்குச் சரிப்படாது. அது 70 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு) இருந்தால்கூட ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள்தான் கத்தும்படி செய்யப்பட்டது, நம் மலைப்பயணம் அதற்குள் முடிந்துவிடும். அந்தந்த நொடியின் அளவை எண்ணாகக் காட்டுகிற மீட்டர்தான் வேண்டும். வீட்டு வாசலில் எஞ்சின் ஓடாமல் பூஜ்யம். எஞ்சின் ஓட, கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு நின்றால் 4, 6 என்று ஊர்ந்தது. புளியரை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மிதித்தபோது 38, அங்கிருந்து 50க்கு மேலே போனது. கண்ணாடியை இறக்கி ஓரம் கட்டிவிட்டேன். அதன்பிறகு டிக்கியைக் கயிறு கட்டிச் சோதித்துப் பார்க்கிற வீம்பு எனக்கு வரவில்லை.

ஏற்றத்தில் மட்டும் ஏன்? அழுத்தி மிதிக்கும்போது எஞ்சின் கூடுதல் பெட்ரோல் குடிக்கும், அந்தப் பெட்ரோல் முழுதாக எரியப் போதுமான காற்று இருக்காது, அரைகுறையாக எரிந்தது கார்பன் மோனாக்சைடாக வரும். வாயுவின் அளவும் அழுத்தமும் கூட, ஓட்டை இருக்கிற இடத்திலெல்லாம் பீய்ச்சும். வண்டியோ இருபது, முப்பது வேகத்தில் ஊர்கிறது, அடித்துக்கொண்டு போகக் காற்று இல்லை. சமதளத்தில் தென்காசிக்கு ஓட்டிய நாட்களில் எங்களுக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான். மலை ரோட்டின் மேல் போட்ட பழி முழுப்பொய் இல்லை, ஆனால் குற்றவாளி வளைவு இல்லை, ஏற்றம்.

புனலூரில் சைலன்சர் வேலை மட்டும் செய்கிற ஒரு சேட்டனைப் பற்றி மச்சினன் சொன்னான். மீட்டரைக் காட்டி, எண்ணெய் ஒழுகியதையும் வாசம் போனதையும் சொன்னேன். சிரித்தார். "அண்ணாச்சி, மணம் போயெந்நு வெச்சு புக போயிட்டில்ல" என்றார், வாசம் போனதால் புகை போய்விடவில்லை என்று. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. புகையோடு வருகிற மற்ற சமாச்சாரங்களுக்குத்தான் வாசம், அதையும் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் பெரும்பாலும் தின்றுவிடும். என் எண்ணெய்க் கருகல் தற்செயலாக ஒரு எச்சரிக்கையாக இருந்தது, அதைத்தான் நான் காசு கொடுத்து நீக்கியிருக்கிறேன்.

அவர் முதலில் வண்டியைத் தூக்கவே இல்லை. ஓட்டை முன்னால் எஞ்சின் பக்கமா, பின்னால் சைலன்சர் பக்கமா என்று பார்க்க என்னையே ஓட்டச் சொல்லி, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். உள்காற்றைச் சுற்றவிட்டால் எண் ஏறியது. வெளிக்காற்று வருமாறு மாற்றி புளோயரை முழுசாக வைத்தால் சரசரவென்று இறங்கியது. அவர் விளக்கம் இது: வெளிக்காற்று, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வழியாக உள்ளே வருகிறது. மேனிஃபோல்டிலோ முன்பக்கப் புகைக்குழாய்ப் பேக்கிங்கிலோ கசிவு என்றால் போனட்டுக்குள் நிறைகிற புகையும் அந்த வழியாக வரும், எண் ஏறவேண்டும். இறங்குகிறது என்றால் புகை பின்னாலிருந்து வருகிறது, புளோயர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி அதை வெளியே தள்ளுகிறது. ஆக நான் மூன்று மாதமாக அழுத்தி வைத்திருந்த பட்டன் அந்த ஒரு தற்காப்பையும் மூடி வைத்திருந்தது. இரண்டு பக்கமும் கசிவு இருந்தால் இந்தச் சோதனை குழப்பும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறியபிறகு அடுத்த வேலை. முதலில் ஸ்டார்ட் பண்ணி போனட் பக்கம் காதை வைத்தார். மேனிஃபோல்ட் விரிசலோ பேக்கிங் கசிவோ இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்கும், சூடானதும் இரும்பு விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்வதால் சத்தம் குறையும், மத்தியானம் கொண்டுவந்து காட்டினால் மெக்கானிக்குக் கேட்காது. என் வண்டியில் அப்படி இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, தூசு ஊதுகிற எலெக்ட்ரிக் புளோயரை வால்குழாயில் துணி சுற்றிச் செருகி ஓடவிட்டார். ரேம்ப் மேல் இருந்த வண்டியின் சைலன்சர் பாதை முழுக்கச் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பண்ணிக்கொண்டே போனார். பெரிய சைலன்சர் டப்பாவின் மேல்பக்கத் தையலில், வண்டியின் தரையை ஒட்டிய பக்கம், நுரை கொப்பளித்தது. கீழே படுத்துப் பார்த்தால் தெரியவே தெரியாத இடம். கண்ணாடித் துண்டை நீட்டிப் பார்த்தால் அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது, நேர்மேலே தரைத் தகட்டிலும் கரி.

டப்பாவின் அடியில் இன்னொரு இடத்திலும் நுரை வந்தது. சின்னத் துளை. அதையும் வெல்ட் பண்ணச் சொன்னேன். வேண்டாம் என்றார், உள்ளே சேர்கிற தண்ணீர் வடியக் கம்பெனிக்காரனே போட்டது அது. எரியும்போது நீராவி வரும், பக்கத்துத் தெருவுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓட்டினால் சைலன்சர் முழுதாகச் சூடாகாமல் தண்ணீர் உள்ளேயே நின்று தகட்டைத் தின்னும். அந்தத் துளையை அடைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

இங்கே நான் ஒரு கஞ்சத்தனம் செய்தேன். புது டப்பா நாலாயிரத்துச் சொச்சம், பழையதில் ஒட்டு வைத்து வெல்டிங் அறுநூறு. அறுநூறுதான். தகடு அரித்துக் காகிதமாகியிருந்ததால் வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மூன்று வாரத்தில் பிளந்தது, திரும்பப் போய் நாலாயிரத்தையும் கொடுத்தேன். மொத்தமாக அரித்த சைலன்சருக்கு ஒட்டும் பேஸ்ட்டும் வேஸ்ட், ஒரு இடத்தில் கல் பட்டு விரிந்ததற்கு மட்டும் சரி.

புது டப்பாவோடு ஏற்றத்தில் ஓட்டினால் எண் 9, 11. நான் கும்பிட்டுவிட்டேன். அவர் விடவில்லை. வால்குழாயிலிருந்து முறையாக வெளியே போகிற புகைதான் இப்போது உள்ளே வருகிறது, அப்படியென்றால் காரின் முதுகில் ஓட்டை இருக்கிறது என்றார். ஓடுகிற வண்டியின் பின்னால் காற்று அழுத்தம் குறைந்து சுழலும், புகை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், சின்னச் சந்து கிடைத்தாலும் உள்ளே ஏறிவிடும். டிக்கியைத் திறந்து கட்டிக்கொண்டு நான் போனது அந்தச் சுழலுக்குக் கதவையே திறந்து வைத்த மாதிரி. பின் கண்ணாடிகளை மட்டும் இறக்குவதும் இதே வகைத் தப்பு, உள்காற்று வெளியே இழுக்கப்பட்டு அந்த இடத்துக்குப் பின்சந்து வழியாகப் புகை வரும்.

சந்து தேடுகிற வேலையை வீட்டிலேயே யாரும் செய்யலாம், நான் முற்றத்தில் வைத்துச் செய்தேன். டிக்கி ரப்பர் பீடிங்கைச் சுற்றி இடம் இடமாக ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுக்கவேண்டும். பிடித்து இழுபட்டால் ரப்பர் நன்றாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்றுப் போகிறது. என் வண்டியில் இடது மூலையில் வழுக்கியது, காய் மூட்டை ஏற்றி ஏற்றி அங்கே ரப்பர் நசுங்கியிருந்தது. அப்புறம் எல்லாக் கண்ணாடியும் ஏற்றி, வெளிக்காற்று, புளோயர் முழுசு, வெளியே நின்று பின்பக்கம் எல்லாம் சோப்புத் தண்ணீர். இதற்கு எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பினால் போதும். நம்பர் பிளேட் விளக்குக்குப் பக்கத்தில் நுரை. இரண்டு வருடம் முன்னால் ஒரு கடையில் ரிவர்ஸ் கேமரா மாட்டினேன், ஒயர் விடுவதற்காக ஓட்டையை அடைக்கிற ரப்பர் வளையமான குரோமெட்டைப் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள், பெருவிரல் போகிற ஓட்டை. டெயில் லாம்ப்புக்குப் பின்னாலிருக்கிற பஞ்சு பேக்கிங்கும் தூளாகியிருந்தது. குரோமெட் இருபது ரூபாய். பீடிங் எண்ணூறு. லாம்ப் பேக்கிங்குக்குக் கடையில் விற்கிற ஸ்பாஞ்ச் டேப்.

பின் பம்பருக்கு உள்ளே உள்காற்று வெளியேற ரப்பர் மடல் வைத்த ஜன்னல் ஒன்று பல கார்களில் இருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து டேப் ஒட்டி அடைத்துவிடாதீர்கள். மடல் உள்ளே இருந்து வெளியே மட்டும் திறந்து, தானாக மூடிக்கொள்கிறதா என்று பார்த்தால் போதும்.

புகைச் சான்றிதழ் இருந்ததே என்று கேட்பீர்கள், என்னிடமும் இருந்தது, பாஸ். அந்தச் சோதனை ஐடிலில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடி நிற்கும்போது வால்குழாய் நுனியில் என்ன வருகிறது என்று மட்டும்தான் பார்க்கும். பிஎஸ் 3 என்கிற பழைய புகை விதிப்படி செய்த பெட்ரோல் காருக்கு 0.5 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு வரலாம், பிபிஎம் கணக்கில் அது 5,000. நடுவழியில் ஓட்டை இருப்பதோ, பாஸான அந்தப் புகை காருக்குள் திரும்பி வருவதோ அந்தக் காகிதத்தில் தெரியாது.

வழியில் இப்படிச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று மனைவியோடு பேசி வைத்திருக்கிறோம். தலைவலி ஒருவருக்கு வந்தாலும் காரைச் சந்தேகப்பட வேண்டும், இரண்டு பேருக்கு வந்தால் கார்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே திறந்த இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாரும் இறங்கிவிட வேண்டும். யாருக்காவது குழறலோ மயக்கமோ இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வேறு வண்டி. தலை தெளிவாக இருந்து, கொஞ்ச தூரம் எப்படியும் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், மழையானாலும் முன்கண்ணாடி இரண்டும் இறக்கி, வெளிக்காற்றில் புளோயர் முழுசாக, டிக்கி இறுக மூடி. நிறுத்திய காரில் ஏசி போட்டுப் பிள்ளையைத் தூங்கவிடுவதை நிறுத்திவிட்டோம், மூடிய ஷெட்டுக்குள் காலையில் எஞ்சினைச் சூடாக்குவதையும்.

வாழைத்தாருக்கு இப்போது மேலே கேரியர். ஏற்றத்தில் மீட்டர் 0, எப்போதாவது லாரிக்குப் பின்னால் 2 அல்லது 3. பிள்ளை எஸ் வளைவில் ஓவென்று கத்துகிறாள், மாமியார் எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்புவதை நிறுத்தவில்லை, அது ஊறுகாய்க்குப் போகிறது. போன வாரம் முதல் மீட்டர் என்னிடம் இல்லை. புளியரையில் ஒரு டாக்ஸிக்காரர் தன் வண்டியில் பின்சீட்டில் வருகிறவர்கள் மட்டும் ஏன் வாந்தி எடுக்கிறார்கள் என்று பார்க்க வாங்கிப் போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.